கம்பம் பள்ளத்தாக்குச் சுற்றுலா

கம்பம் பள்ளத்தாக்கு, தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு கிளைகளுக்கு நடுவே அமைந்த ஆற்றுப்படுகை ஆகும். தெற்கே குமுளி மலையடிவாரத்தில் தொடங்கி வடக்கே தேனி வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்கு இது பரந்துள்ளது. லோயர்கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி ஆகிய ஊர்கள் ஒரே நெடுஞ்சாலையில் வரிசையாக அமைந்திருப்பதால், ஓர் ஊரில் தங்கி மற்ற ஊர்களை நிதானமாகப் பார்த்து வரலாம். புதுமணத் தம்பதிகள், பணி ஓய்வு பெற்ற தம்பதிகள், குடும்பத்தினர் எனப் பலரும் இங்குச் சுற்றுலா வருகின்றனர்.

அருவி, திராட்சைத் தோட்டம், தேயிலை மலை, கோயில் எனத் தனித்தனியாக இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவோரே பெரும்பான்மையினர். பள்ளத்தாக்கின் வயல்களையும் ஊர்களையும் வாழவைக்கும் ஆற்றுநீரில் பெரும்பகுதி, மலைக்கு மறுபுறம் இருந்து குடைவழியாகத் திருப்பிக் கொண்டுவரப்பட்டது. இச்செய்தியை மனத்தில் கொண்டு பார்த்தால், தனித்தனியாகத் தெரிந்த இடங்களுக்கு இடையே உள்ள தொடர்பு விளங்கும். இக்கட்டுரை அந்த நீரின் வழியிலேயே தெற்கிலிருந்து வடக்காக இடங்களை விளக்குகிறது.

நிலவமைப்பு

பள்ளத்தாக்கின் மேற்கே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஏலமலைகளும், கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் உள்ளன. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் பெய்துவிடுகிறது. கிழக்கே உள்ள பள்ளத்தாக்கிற்குச் சாரலும் குளிர்ந்த காற்றுமே மிஞ்சுகின்றன. இத்தகைய நிலத்தை மழை மறைவுப் பகுதி என்பர். ஆனி, ஆடி மாதங்களில் குமுளியில் குடையின்றி நடக்க முடியாத மழை பெய்துகொண்டிருக்க, அதே நாளில் தேனியில் வெயில் அடிப்பதைப் பயணிகள் காணலாம்.

தேனி மாவட்டம் 1996ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 12,45,899 ஆகும். கொல்லத்தையும் தேனியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 183 பள்ளத்தாக்கின் நடுவே செல்கிறது. கொச்சியிலிருந்து மூணாறு, போடி வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 85 தேனியைக் கடந்து மதுரைக்குச் செல்கிறது.

பள்ளத்தாக்கிற்குள் இருப்புப்பாதை இல்லை. மதுரை – போடி மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாக மாற்றப்படுவதற்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 சூன் மாதம் போடி வரையிலும் தொடர்வண்டிகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. சென்னையிலிருந்து போடிக்கு நேரடி வண்டியும் உள்ளது. தேனியில் இறங்கினால் கம்பம், குமுளி செல்லும் பேருந்துகள் அடிக்கடி கிடைக்கும்.

தண்ணீர் வந்த வரலாறு

மேற்குச் சரிவில் பிறக்கும் பெரியாறு, மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு. கிழக்கே உள்ள வைகையோ ஆண்டின் பல மாதங்கள் வறண்டு கிடக்கும் ஆறு. பெரியாற்றின் நீரை மலைக்கு இப்பால் திருப்பினால் மதுரை, இராமநாதபுரம் சீமைகள் செழிக்கும் என்ற எண்ணம் பழையது. 1789ஆம் ஆண்டளவில் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதற்காக ஆட்களை அனுப்பி ஆராய்ந்தார். போதிய பொருள் இல்லாமையால் அம்முயற்சி நின்றது. 1808ஆம் ஆண்டு ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல், இது நடவாத காரியம் என்று அறிக்கை அளித்தார்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் இறந்தனர். அதன் பின்னரே சென்னை மாகாண அரசு இத்திட்டத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. 1882ஆம் ஆண்டு திட்டத்தை வகுக்கும் பொறுப்பு பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அணை அமையும் இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கு உரியது. எனவே 1886 அக்டோபர் 29 அன்று, 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலத்திற்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை என்று முடிவாயிற்று.

1887ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. கல், சுண்ணாம்பு, சுர்க்கி எனப்படும் செங்கல்தூள் ஆகியவற்றால் அணை கட்டப்பட்டது. அடர்ந்த காட்டுக்குப் பாதை இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து கம்பிவடப் பாதை அமைத்துச் சுமைகளை மேலே ஏற்றினர். தொடக்கத்தில் கட்டிய தடுப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றது. மலைக்காய்ச்சலும் காலராவும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் உயிரைக் குடித்தன. அவர்களில் பலர் அந்த மலையிலேயே புதைக்கப்பட்டனர். 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் அதிகமான நீளத்தில் அமைத்த சுரங்கத்தின் வழியே, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது.

பென்னிகுவிக் இங்கிலாந்திலுள்ள தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற செய்தி பள்ளத்தாக்கு முழுவதும் சொல்லப்படுகிறது. மனைவியின் நகைகளையும் விற்றார் என்று சேர்த்துச் சொல்வோரும் உண்டு. இது மக்கள் வழக்கில் உள்ள செய்தி. அணையோ சென்னை மாகாண அரசின் பணத்தில், அரசுத் திட்டமாகக் கட்டப்பட்டது. அவருடன் பணியாற்றிய பொறியாளர் மெக்கென்சி எழுதிய பெரியாற்றுத் திட்ட வரலாறு 1899ஆம் ஆண்டு வெளியானது. கட்டுமானத்தின் இடர்களை அறிய விரும்புவோர்க்கு அது முதன்மையான நூல். சொத்தை விற்ற கதையை நீக்கிவிட்டுப் பார்த்தாலும், வெள்ளத்தாலும் நோயாலும் தடைபட்ட வேலையைக் கைவிடாமல் முடித்த பொறியாளர் என்ற பெருமை அவருக்கு உண்டு. பெயர் தெரியாமல் இறந்த தொழிலாளர்களுக்கும் அப்பெருமையில் பங்கு உண்டு.

தேக்கடி முதல் லோயர்கேம்ப் வரை

குமுளி தமிழ்நாடு – கேரள எல்லையில் உள்ள ஊர். அங்கிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில் தேக்கடி உள்ளது. அணையால் தேங்கிய நீரே தேக்கடி ஏரி. ஏரியைச் சுற்றியுள்ள காடு பெரியாறு புலிகள் காப்பகமாக 1978ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. படகில் செல்லும்போது நீருக்கு மேலே கருத்த மரத்தண்டுகள் நிற்பதைக் காணலாம். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. நூறு ஆண்டுகளைக் கடந்தும் மட்காமல் நிற்கும் அம்மரங்களின் மீது நீர்க்காகங்கள் அமர்ந்து சிறகை உலர்த்தும். அணை காட்டுக்குள் வெகுதொலைவில் இருப்பதால் பொதுமக்கள் அங்குச் செல்ல முடியாது.

நாளிதழ்களில் அன்றாடம் வரும் அணை நீர்மட்டச் செய்தி இந்த ஏரியைப் பற்றியதே. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. பாதுகாப்புக் குறித்த அச்சத்தால் 1979ஆம் ஆண்டு நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் அணை வலுப்படுத்தப்பட்டது. 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2006ஆம் ஆண்டிலும், மீண்டும் 2014 மே 7 அன்றும் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. அணையின் வயதையும் அதற்குக் கீழே வாழும் மக்களையும் காட்டிக் கேரளம் புதிய அணை கேட்கிறது. வலுப்படுத்தப்பட்ட அணை உறுதியாக உள்ளது என்பதும், ஒப்பந்த உரிமை குறையக்கூடாது என்பதும் தமிழகத்தின் நிலைப்பாடு. கம்பத்து உழவருக்கு 136க்கும் 142க்கும் இடையிலுள்ள ஆறு அடி என்பது இரண்டாம் போக நெல்லுக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்ற கேள்வி.

குமுளியிலிருந்து மலைச்சாலையில் இறங்கும்போது, மலைச்சரிவில் நான்கு பெரிய இரும்புக் குழாய்கள் கீழ்நோக்கிச் செல்வதைப் பார்க்கலாம். சுரங்கத்திலிருந்து வெளிவரும் நீர் இக்குழாய்களில் ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து பாய்ந்து, லோயர்கேம்பில் உள்ள பெரியாறு நீர்மின் நிலையத்தின் நான்கு மின்னாக்கிகளைச் சுழற்றுகிறது. 1950களின் இறுதியில் மின் உற்பத்தி தொடங்கியது. மின்சாரம் எடுப்பதற்கான உரிமை 1970ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. குழாய்களுக்குப் போக எஞ்சும் நீர் பாறைகளின் வழியே இறங்கிச் சாலையைக் கடக்கும் இடத்திற்கு, அதன் ஓசையை வைத்து இரைச்சல் பாலம் என்று பெயர். அதிக நீர் திறக்கப்படும் நாள்களில் பாலத்தின்மேல் நிற்பவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது.

லோயர்கேம்பில் தமிழக அரசு அமைத்த பென்னிகுவிக் மணிமண்டபம் 2013 சனவரியில் திறக்கப்பட்டது. அவருடைய சிலையும், அணை கட்டிய காலத்துப் படங்களும் அங்குள்ளன. பென்னிகுவிக் பிறந்தது 1841 சனவரி 15. அந்நாள் பொங்கல் நாள்களில் வருவதால், பாலார்பட்டி முதலிய ஊர்களில் அவர் படத்தின் முன் பொங்கல் வைக்கின்றனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டிய குடும்பங்களும் பள்ளத்தாக்கில் உண்டு.

கூடலூரும் கண்ணகி கோட்டமும்

லோயர்கேம்பை அடுத்து வரும் கூடலூருக்கு அருகே, மாநில எல்லையில் உள்ள வண்ணாத்திப்பாறை மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் உள்ளது. ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரை முழுநிலவன்று மட்டும் மக்கள் அங்கு அனுமதிக்கப்படுகின்றனர். கூடலூர் அருகே உள்ள பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கும் அதிகமாக மலையேறி நடந்து செல்லலாம். குமுளியிலிருந்து காட்டுவழியில் ஜீப்புகள் செல்லும். இரு மாநில வனத்துறையினரும் காவல்துறையினரும் அன்று கூட்டாகக் கண்காணிப்பர். ஏற்றம் கடினமானது என்பதால் மூட்டுவலி, இதயநோய் உள்ளவர்கள் நடைவழியைத் தவிர்ப்பது நல்லது.

கம்பமும் சுருளியும்

கம்பம் இப்பள்ளத்தாக்கிற்குப் பெயர் தந்த ஊர். இங்குள்ள கம்பராயப்பெருமாள் கோயில் வளாகத்தில் சிவனுக்கும் சந்நிதி உண்டு. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லையாற்றின் வாய்க்கால்களால் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளையும் பூமியாக உள்ளது. அணையில் நீர் இருப்பைப் பொறுத்து, வழக்கமாகச் சூன் மாதத் தொடக்கத்தில் முதல்போகத்திற்கு நீர் திறக்கப்படும். நடவு முடிந்த ஆடி மாதத்தில் வந்தால் சாலையின் இருபுறமும் பசுமையாக இருக்கும். ஐப்பசி வாக்கில் அறுவடையும் அடுத்த நாற்றங்காலும் அடுத்தடுத்த வயல்களில் நடப்பதைக் காணலாம்.

கம்பத்தின் மற்றொரு அடையாளம் பன்னீர் திராட்சை. இதன் தாவரவியல் வகை மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் ஐரோப்பியத் திராட்சை. 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதனைத் தமிழ்நாட்டிற்குக் கொண்டுவந்ததாகக் கூறப்படுகிறது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் திராட்சைக்கொடி இலையுதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஒருமுறையே காய்க்கும். இங்கே அத்தகைய கடுங்குளிர் இல்லை. எனவே உழவர்கள் கொடியைக் கவாத்து செய்வதன் மூலம் காய்க்கும் காலத்தைத் தாங்களே முடிவு செய்கின்றனர். ஒவ்வொரு தோட்டத்திலும் கவாத்து நாள் வேறுபடுவதால், ஆண்டின் எல்லா மாதங்களிலும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, இராயப்பன்பட்டி பகுதிகளில் திராட்சைப் பந்தல்கள் மிகுதி. சில தோட்டங்களில் பயணிகளை உள்ளே அனுமதித்துப் பழம் விற்கின்றனர். கேட்டுக்கொண்டு நுழைவதும், கொத்தைக் கையால் பறிக்காமல் இருப்பதும் முறை. மருந்து தெளித்த பழமாக இருக்கலாம் என்பதால் கழுவாமல் உண்ணக்கூடாது.

கம்பத்திலிருந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் தொலைவில் சுருளி அருவி உள்ளது. மேகமலைக் காடுகளில் பெய்யும் மழையே இவ்வருவியின் ஊற்று. ஆடி, தை அமாவாசை நாள்களில் முன்னோர்க்குத் திதி கொடுக்கப் பெருங்கூட்டம் வரும். அமைதியாகக் குளிக்க விரும்புவோர் அந்நாள்களைத் தவிர்க்க வேண்டும். மலையில் பெருமழை பெய்தாலும், யானைகள் நடமாடினாலும் வனத்துறையினர் அருவிக்குச் செல்லும் வழியை மூடிவிடுவர்.

உத்தமபாளையம், சின்னமனூர், குச்சனூர்

உத்தமபாளையம் வட்டத் தலைநகர். ஊருக்கு அருகே உள்ள திருக்குணகிரி என்னும் பாறைக்குன்றில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வழியே வணிகரும் துறவியரும் சென்று வந்ததற்கு அவை சான்று.

சின்னமனூர் வாழைக்குப் பெயர் பெற்ற ஊர். பூலாநந்தீசுவரர் கோயில் முல்லையாற்றங்கரை அருகே உள்ளது. தமிழ் வரலாறு படித்தோர்க்கு இவ்வூரின் பெயர் செப்பேடுகளால் பழக்கமானது. பாண்டியர் காலத்துச் சின்னமனூர்ச் செப்பேடுகள், மதுரையில் சங்கம் இருந்ததையும் மகாபாரதம் தமிழில் ஆக்கப்பட்டதையும் குறிப்பிடுவதால், இலக்கிய வரலாற்று நூல்களில் தவறாமல் இடம்பெறுகின்றன.

சின்னமனூரிலிருந்து போடி செல்லும் திசையில் குச்சனூர் உள்ளது. சனீசுவரர் தனிமூலவராக உள்ள கோயில் இது. ஆடி மாதச் சனிக்கிழமைகளில் திருவிழா நடைபெறும்.

மேகமலை

சின்னமனூரிலிருந்து கிழக்கே மேகமலைக்குச் சாலை ஏறுகிறது. தென்பழனி வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே தேயிலைத் தோட்டங்களும், அவற்றினிடையே மணலாறு, இரவங்கலாறு, வெண்ணியாறு முதலிய சிறிய நீர்த்தேக்கங்களும் காணப்படும். ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இட்ட பெயரே ஹைவேவிஸ் என்று வழங்குகிறது. திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. மாலையில் மலையேற வாகனங்களை அனுமதிப்பதில்லை. எனவே காலையில் ஏறி, இருட்டுவதற்குமுன் இறங்கிவிடுமாறு திட்டமிட வேண்டும். மேலே கடைகளும் மருத்துவ வசதியும் குறைவு.

வீரபாண்டி, தேனி, வைகை அணை

தேனிக்குத் தெற்கே ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தொலைவில், முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் உள்ளது. சித்திரைத் திருவிழா எட்டு நாள் நடைபெறும். அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்து மக்கள் இரவு பகலாக வருவர். அந்நாள்களில் போக்குவரத்து மாற்றி விடப்படும்.

தேனி பேருந்து நிலையத்திற்குப் பென்னிகுவிக்கின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. தேனி அருகே முல்லையாறு வைகையுடன் கலக்கிறது. பெயர் வைகையாக மாறினாலும், கோடையில் அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி பெரியாற்று நீரே. ஆண்டிபட்டி அருகே உள்ள வைகை அணை 1959 சனவரியில் முதலமைச்சர் காமராசரால் திறக்கப்பட்டது. இதன் நீர்த்தேக்க உயரம் 71 அடி. அணையின் இருபுறமும் பூங்காக்கள் உள்ளன. அணைக்காகச் சில ஊர்கள் நீரில் மூழ்கின. அங்கிருந்த மக்கள் வேறு இடங்களுக்குப் பெயர்ந்தனர். அவ்வாறு பெயர்ந்த குடும்பங்களில் ஒன்றில் பிறந்த வைரமுத்து, அந்த வாழ்க்கையைக் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்னும் நூலாக எழுதினார். அந்நூல் 2003ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. பூங்காவில் அமர்ந்திருப்போர் பார்க்கும் நீர்ப்பரப்பின் அடியில் அவ்வூர்களின் நிலம் கிடக்கிறது.

போடியும் குரங்கணியும்

தேனிக்கு மேற்கே உள்ள போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தின் மையம். மலையில் விளையும் ஏலக்காய் இங்கு நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மையத்தில் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகிறது. கடைவீதியில் தரம் பிரித்த ஏலக்காயைச் சில்லறையாகவும் வாங்கலாம். போடிமெட்டு வழியாக மூணாறுக்குச் செல்லும் மலைச்சாலையில் தேனிச் சமவெளி முழுவதையும் பார்க்கும் இடங்கள் உள்ளன.

போடிக்கு மேற்கே உள்ள குரங்கணி, மலையேற்றத்திற்குப் பெயர் பெற்றது. 2018 மார்ச் 11 அன்று இங்கு ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற குழுவினர் சிக்கிக்கொண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்றத்திற்கான விதிகளை வகுத்தது. வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றி எந்தப் பாதையிலும் ஏறக்கூடாது. மாசி, பங்குனி மாதங்களில் புல் காய்ந்திருக்கும். சிறு பொறியும் நிமிடங்களில் மலைமுழுதும் பரவிவிடும். வனத்துறை பாதைகளை மூடும்போது பயணிகள் அதனைத் தடையாக எண்ணாமல் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

மூன்று நாள் பயண ஒழுங்கு

இருவராக வருவோர் கம்பத்திலோ தேனியிலோ ஒரே விடுதியில் தங்கிக்கொண்டால், பெட்டியை நாள்தோறும் கட்டி அவிழ்க்க வேண்டியதில்லை.

முதல் நாள்: காலையில் குமுளி, தேக்கடி; பிற்பகலில் மலைச்சாலையில் இறங்கிக் குழாய்கள், இரைச்சல் பாலம், லோயர்கேம்ப் மணிமண்டபம்.

இரண்டாம் நாள்: காலையில் சுருளி அருவி, திராட்சைத் தோட்டங்கள், பிற்பகலில் உத்தமபாளையம் சமணக் குன்று, சின்னமனூர், குச்சனூர்.

மூன்றாம் நாள்: உடல்நலம் இடங்கொடுத்தால் மேகமலை, இல்லையெனில் வீரபாண்டி, வைகை அணை. பெரியகுளம் அருகே உள்ள கும்பக்கரை அருவியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வயதான தம்பதிகள் மேகமலையையும் தேக்கடியையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளக்கூடாது. இரண்டு மலைச்சாலைகளின் வளைவுகள் தலைச்சுற்றலைத் தரும். இருவரில் ஒருவருக்கு ஏறமுடியாவிட்டால், மற்றவர் மட்டும் சென்று வரும் இடங்களை விட்டுவிட்டு, இருவரும் சேர்ந்து பார்க்கக்கூடிய இடங்களைத் தேர்ந்தெடுப்பது பயணத்தை இனிதாக்கும். வாய்க்கால் கரையோர நடையும் கோயில்களும் வைகை அணைப் பூங்காவும் அத்தகையவை.

பாதுகாப்பு

அருவிகளில் வெள்ளம் மிக விரைவாக வரும். குளிக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்துகொண்டிருக்கலாம். நீர் கலங்கிச் செந்நிறமாகத் தொடங்கினாலோ, இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும். முல்லையாற்றில் மின் நிலையத்திலிருந்து திறக்கப்படும் நீரும் திடீரென உயரக்கூடும். பழக்கமில்லாத படித்துறைகளில் இறங்கக்கூடாது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். படகில் மிதவைச் சட்டை அணிவதும், விலங்கு தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து செல்லாமல் இருக்கையிலேயே அமர்வதும் இன்றியமையாதவை.

பள்ளத்தாக்கின் இருபுறமும் யானைகள் வாழும் காடு. 2023 மே மாதத்தில், அரிக்கொம்பன் எனப் பெயர் பெற்ற காட்டுயானை கம்பம் நகருக்குள் புகுந்தது. அந்நிகழ்வில் காயமடைந்த ஒருவர் இறந்தார். சூன் 5 அன்று யானை பிடிக்கப்பட்டுக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விடப்பட்டது. யானைக்கு ஊரும் தோட்டமும் அதன் பழைய வழித்தடத்தில் இடையே முளைத்தவை. எனவே காட்டுச்சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவதும், உணவுப் பொருள்களை வீசுவதும் பயணிகளுக்கும் ஊர்மக்களுக்கும் கேடு.

இங்கிலாந்தில் உள்ள தொடர்புகள்

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றில் ஒரு பகுதி இங்கிலாந்தில் உள்ளது. இந்தியாவிலிருந்து திரும்பிய பென்னிகுவிக், 1896 முதல் 1899 வரை கூப்பர்சு ஹில் இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1879ஆம் ஆண்டு அவர் மணந்த கிரேஸ் ஜார்ஜியானாவுடன் சர்ரே மாகாணத்தில் வாழ்ந்தார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் காலமானார். அருகிலுள்ள பிரிம்லி ஊரின் புனித பேதுரு ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். தமிழக அரசின் சார்பில் 2022 செப்டம்பரில் கேம்பர்லியில் அவருடைய சிலை திறக்கப்பட்டது.

கேம்பர்லி லண்டனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், தொடர்வண்டியில் சென்று ஒரே நாளில் திரும்பக்கூடிய இடத்தில் உள்ளது. பிள்ளைகளைப் பார்க்கவோ ஐரோப்பிய நகரங்களைச் சுற்றவோ செல்லும் தமிழ்த் தம்பதிகளுக்கு, லண்டன் பாலத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் அடுத்துப் போய்வர ஏற்ற ஊர் அது. அங்குச் செல்லுமுன் லோயர்கேம்பையும் முல்லையாற்று வாய்க்கால்களையும் பார்த்திருந்தால், அமைதியான அந்தக் கல்லறைத் தோட்டத்தில் நிற்பதன் பொருள் தெளிவாகப் புரியும். தேக்கடி மலைமேல் அடையாளக் கல்லின்றிக் கிடக்கும் தொழிலாளர்களின் புதைகுழிகளையும் அப்போது நினைக்க வேண்டும்.